கடைசி வீடு வரை

கெலாங் பாத்தாவில் ஏதாவது ஒரு தாமான் வீட்டின் சமையலறைக் குழாயைத் திறந்து, தம்ளரில் பிடித்த கையோடு முகர்ந்து பாருங்கள். சில நாள் மெல்லிய மருந்து வாடை அடிக்கும். சில நாள் ஒன்றுமே தெரியாது. அந்த வாடை பலருக்குப் பிடிப்பதில்லை. மருந்தைக் கொட்டி நல்ல தண்ணீரைக் கெடுத்துவிட்டார்கள் என்று சலித்துக்கொண்டு பில்டர் வாங்கி மாட்டுகிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் குடிக்கத் தக்கதா என்று சோதிக்க வரும் சுகாதாரப் பணியாளர் முதலில் தேடுவதே அந்த மருந்தைத்தான். மலேசியக் குடிநீர்த் தரத்தின்படி, வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது ஒரு லிட்டர் தண்ணீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். ஐம்பது லட்சம் பங்கில் ஒரு பங்கு. இதற்கு ‘எஞ்சிய குளோரின்’ என்று பெயர். ஆலையில் போட்ட குளோரினில் வழியெல்லாம் செலவானது போக மிச்சமிருப்பது. ஆற்றிலிருந்து சமையலறை வரை நடக்கும் அத்தனை வேலையும் இந்த மிச்சத்தைக் காப்பாற்றுவதற்காகவே நடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

கெலாங் பாத்தா ஜொகூரின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களும் மீனவக் கம்போங்குகளும் சூழ்ந்த சிறிய ஊராக இருந்தது. 1998-இல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறந்தது. அதையடுத்து தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் வந்தது. பிறகு வரிசை வரிசையாகத் தாமான்கள், தொழிற்பேட்டைகள். அண்மை ஆண்டுகளில் இஸ்கண்டார் புத்ரி வட்டாரத்துக்கு டேட்டா சென்டர்களும் வந்திருக்கின்றன. அவற்றின் இயந்திரங்களைக் குளிர்விக்கவும் தண்ணீர் வேண்டும். ஊருக்கு மேற்கே சுங்கை பூலாய் ஓடுகிறது. அதன் கழிமுகத்தில் இருக்கும் அலையாத்திக் காடு 2003-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அழகான ஆறு. ஆனால் கடல் ஏறி இறங்கும் கழிமுகத்தின் உப்புத் தண்ணீரைக் குடிக்க முடியாது. ஊரின் மூன்று பக்கத்திலும் தண்ணீர் தெரிந்தாலும், குடிக்கும் தண்ணீர் தொலைவிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

வடக்கே 654 மீட்டர் உயரத்தில் நிற்கிறது கூனோங் பூலாய். அந்த மலையின் தண்ணீருக்கு ஒரு வரலாறு உண்டு. 1927 டிசம்பர் 5 அன்று ஜொகூர் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராட்சி ஆணையர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலையைச் சுற்றி 2,100 ஏக்கர் நிலம் ஆண்டுக்கு ஏக்கருக்கு 30 சென் வாடகையில் சிங்கப்பூருக்குப் போனது. தண்ணீருக்கு விலை இல்லை. சுத்திகரித்த தண்ணீரில் நாளொன்றுக்கு 8 லட்சம் காலன் வரை, ஆயிரம் காலனுக்கு 25 சென் கொடுத்து ஜொகூர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். குழாய், இரு கரைகளையும் இணைத்த கடற்பாலத்தின் மேலே போயிற்று. 1942 ஜனவரி 31 அன்று ஜப்பானியப் படையைத் தடுக்க பிரிட்டிஷார் அந்தப் பாலத்தைத் தகர்த்தபோது அதன்மேல் சென்ற குழாயும் அறுந்தது. பிந்திய ஒப்பந்தங்களில் ஒன்று 1961-இல் எழுதப்பட்டது. அது காலாவதியான 2011 ஆகஸ்டு 31 அன்று கூனோங் பூலாய், ஸ்கூடாய் நீர் நிலையங்கள் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 1962 ஒப்பந்தம் மட்டும் 2061 வரை நீடிக்கிறது.

விலை பற்றிய வாதம் நெடுங்காலமாக நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். என் கவனம் வேறொன்றில். நூறு ஆண்டுகளுக்கு முன் பொறியாளர்கள் மலையைத் தேடிப் போனதற்குக் காரணம், காட்டு மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில் செலவில்லாமலே பாதி சுத்திகரிப்பு முடிந்திருக்கும் என்பதுதான். அங்கே மனிதர் இல்லை, மாடு இல்லை, ஆலை இல்லை. இன்று மக்கள் பெருகிவிட்ட ஜொகூர் பாரு வட்டாரத்துக்கு மலை ஓடைகள் போதாது. பெரும்பங்கு ஜொகூர் ஆறு போன்ற பெரிய ஆறுகளிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அவை செம்பனைத் தோட்டங்களையும் ஊர்களையும் தொழிற்சாலைகளையும் தொட்டுக்கொண்டு வருகின்றன. ஆறு எதைத் தொட்டதோ அதையெல்லாம் ஆலை பிரித்தெடுக்க வேண்டும்.

முதலில் கலங்கல். மழைக்குப் பிறகு ஜொகூர் ஆறு பால் கலந்த தேநீர் நிறத்தில் ஓடும். அதை ஒரு வாளியில் எடுத்து வைத்தால் மணல் சில நொடிகளில் இறங்கிவிடும். களிமண் இறங்காது, நாள் கணக்காக மிதந்துகொண்டே இருக்கும். காரணம், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள அந்தத் துகள்கள் எல்லாம் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் ஒட்டிக்கொண்டு கனக்க முடிவதில்லை. ஆலையில் படிக்காரத்தை, அதாவது அலுமினிய உப்பை, சேர்க்கிறார்கள். அலுமினியத்தின் நேர்மின் ஏற்றம் அந்த விலக்கலை அழிக்கிறது. துகள்கள் ஒட்டுகின்றன, பஞ்சுபோல் திரள்கின்றன, தம் எடையாலேயே அடியில் படிகின்றன.

நம் முன்னோர் இதே வேலையை வேறு பொருளைக் கொண்டு செய்தார்கள். தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் இழைத்து, கலங்கிய ஏரித் தண்ணீரை ஊற்றி வைத்தால் காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும். பழந்தமிழில் அந்த மரத்துக்கு இல்லம் என்று பெயர். அதன் விதையால் கலங்கிய நீர் தெளிவதைக் கலித்தொகை உவமையாகவே எடுத்தாள்கிறது. அன்றைய கேட்போருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அது அன்றாடச் செயலாக இருந்திருக்கிறது. விதையிலிருந்து கரைந்து வரும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் களிமண் துகள்களுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிணைத்துவிடுகின்றன. முருங்கை விதைக்கும் அந்த ஆற்றல் உண்டு. அதில் இருக்கும் புரதங்கள் படிக்காரத்தைப் போலவே நேர்மின் ஏற்றம் கொண்டவை. ஆலையில் நடக்கும் வேதியியலை ஒரு பானைக்குள் நடத்திக்காட்டிய அந்தப் பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்பதை நினைத்தால் எனக்குச் சற்று வருத்தமாக இருக்கிறது.

தெளிந்த தண்ணீர் அடுத்ததாக மணல் படுகை வழியே இறங்குகிறது. சென்னையில் 1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கம் வரை வந்தது, வடிகட்டாமலே ஊருக்குள் போனது. 1914-இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வேலைசெய்யத் தொடங்கின. அந்த மெதுவான வடிகட்டிகளில் மணலின் மேற்பரப்பில் ஒரு வழுவழுப்பான படலம் உருவாகும். அது உயிருள்ள படலம். அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரோடு வரும் கிருமிகளைத் தின்றுவிடும். இன்றைய ஆலைகளில் இருப்பவை வேகமான வடிகட்டிகள். அவை உயிர்ப்படலத்தை நம்புவதில்லை. படிக்காரம் திரட்டிய மிச்சத் துகள்களைப் பிடித்துவைக்கின்றன. தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்தி மணலை அடிக்கடி கழுவுவார்கள்.

இந்தக் கட்டத்தில் தண்ணீர் பளிங்காக இருக்கும். பளிங்காக இருப்பதால் பாதுகாப்பானது என்று நம்புவதுதான் ஆபத்து. ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் பாக்டீரியா இருந்தாலும் நம் கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகவே தோன்றும். காலராவும் டைபாய்டும் இந்தத் தெளிவுக்குள் ஒளிந்துகொண்டுதான் நகரங்களை அழித்தன.

குளோரின் இங்கேதான் சேர்கிறது. தண்ணீரில் கரைந்ததும் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. மிகச் சிறிய மூலக்கூறு. மின் ஏற்றமும் இல்லை. பாக்டீரியாவின் மேலுறை எதிர்மின் ஏற்றம் கொண்டது. அதே ஏற்றம் உள்ள அயனிகளை அது தள்ளிவிடும். ஏற்றமற்ற இந்த மூலக்கூறோ தடையின்றி உள்ளே நுழைந்து, நொதிகளையும் மரபுப் பொருளையும் சிதைக்கிறது. தண்ணீரின் கார அமிலத் தன்மையைக் குறிக்கும் எண் 7.5-ஐத் தாண்டினால் பாதிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் ஒரு ஹைட்ரஜனை இழந்து எதிர்மின் ஏற்றம் பெற்றுவிடும். அந்த வடிவம் கிருமியைக் கொல்வதில் பல மடங்கு சோம்பல். அதனால்தான் குளோரின் அளவோடு கூட அந்த எண்ணையும் ஆலையில் விடாமல் கவனிக்கிறார்கள்.

என்னை வியப்பில் ஆழ்த்தும் செய்தி ஒன்று இதில் உண்டு. நம் இரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை, உடலுக்குள் புகுந்த கிருமியை விழுங்கியதும், அதைக் கொல்ல இதே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தானே தயாரிக்கிறது. நாம் உண்ணும் உப்பிலிருந்து கிடைக்கும் குளோரைடு அதற்கு மூலப்பொருள். ஆலையில் போடும் ‘மருந்து’ உடலுக்கு முற்றிலும் அந்நியமானது என்று எண்ணுகிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நகரக் குடிநீரில் குளோரினை நிலையாகச் சேர்க்கத் துணிந்தவர்களுள் ஒருவர் ஜான் லீல் என்ற அமெரிக்க மருத்துவர். 1908 செப்டம்பரில், ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் குளோரின் சேர்மத்தைக் கலக்கத் தொடங்கினார். வழக்கு நடந்தது. நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க நகரங்கள் பல அவர் வழியைப் பின்பற்றின.

ஜொகூர்த் தண்ணீரில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் இன்னொரு பொருள் புளூரைடு. மலேசியாவிலேயே முதன்முதலாக 1957-இல் ஜொகூர் பாருவில்தான் இது தொடங்கியது. பிள்ளைகளின் பல் சொத்தையைத் தடுக்க. இன்று அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம். கடலுக்கு அப்பால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கதை தலைகீழ். அங்கே பாறையே நிலத்தடி நீரில் புளூரைடை அள்ளிக் கொட்டுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய கிணற்றுத் தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்தவர்களுக்குப் பற்கள் பழுப்பேறின, எலும்புகள் வளைந்தன. ஒகேனக்கல்லில் காவிரித் தண்ணீரை எடுத்து அந்த மாவட்டங்களுக்குக் கொண்டுசேர்க்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. ஜொகூரில் அரை மில்லிகிராம் சேர்க்கச் செலவு செய்கிறோம். தருமபுரியில் ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டியதிலிருந்து தப்பிக்க ஆற்றையே மலையேற்றினார்கள்.

குளோரினுக்குத் திரும்புகிறேன். அதற்குப் பெரிய எதிரி கிருமி அல்ல, அம்மோனியா. 2019-இல் ஜொகூரில் சந்தைக் கடைகளில்கூட அந்தப் பெயர் அடிபட்டது. குளுவாங் மாவட்டத்தில் சிம்பாங் ரெங்கம் குப்பைக் கிடங்கிலிருந்து கசிந்த கழிவுநீர் சுங்கை பெனுட்டில் கலந்ததால் அங்கிருந்த சுத்திகரிப்பு ஆலைகளைத் திரும்பத் திரும்ப மூட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா ஏறியதால், சிங்கப்பூர் நீர்வாரியம் அந்த ஆற்றங்கரையில் நடத்தும் நிலையமும் நின்றது. ஆற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா இருந்தால் ஆலை தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு லோரியில் தண்ணீர் வரும், வாளிகளோடு வரிசை நிற்கும், வட்டாரமே கோபப்படும். அவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் இவ்வளவு அச்சம்? அம்மோனியா அந்த அளவில் நஞ்சு இல்லையே?

இல்லைதான். அந்த அளவு அம்மோனியா மனிதரைக் கொல்லாது. அது செய்வது வேறு. குளோரின் கிருமியைத் தேடிப் போகும் முன்பே அம்மோனியா அதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து குளோரமின் ஆகின்றன. குளோரமினும் கிருமியைக் கொல்லும், ஆனால் மிக மெதுவாக. நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்காகவே உலகின் பல நகரங்கள் அதை அளந்து தயாரித்துக் குழாய்களில் அனுப்புகின்றன. திட்டமிட்டுத் தயாரிப்பது ஒன்று, அழுக்கு ஆற்றில் தன்போக்கில் உருவாவது வேறு.

அம்மோனியா கலந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரினைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எஞ்சியிருப்பதை அளந்து கோடாக வரைந்துகொண்டே வந்தால் விசித்திரமான ஒன்றைக் காண்போம். முதலில் எஞ்சும் அளவு ஏறும். அது குளோரமின். இன்னும் சேர்த்தால் இன்னும் ஏறும். ஓர் இடத்துக்குப் பிறகு, சேர்க்கச் சேர்க்க எஞ்சும் அளவு குறையத் தொடங்கும்! கூடுதல் குளோரின் குளோரமினையே தாக்கி அழிக்கத் தொடங்கிவிட்டது. அம்மோனியாவில் இருந்த நைட்ரஜன் பெரும்பாலும் வாயுவாகிப் பறந்துபோகிறது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் அதே நைட்ரஜன். அம்மோனியா நைட்ரஜனைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு எடையுள்ள குளோரினைச் சேர்த்து முடித்த பிறகுதான் கோடு தரையைத் தொட்டு மறுபடி ஏறும். அதற்கப்பால் சேரும் ஒவ்வொரு துளியும் கட்டற்ற குளோரின், உண்மையான காவல். நடைமுறையில் எட்டு போதாது, பத்து மடங்கு வரை வேண்டியிருக்கும்.

கணக்கு இப்போது விளங்கும். 1.5 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை வெல்லவே 12 முதல் 15 மில்லிகிராம் குளோரின் போய்விடும். ஆற்றில் அது 5 மில்லிகிராம் ஆனால் 40-க்கு மேல் வேண்டும். ஒரு சாதாரண ஆலையின் மருந்துக் கருவிகள் அந்த அளவுக்குக் கட்டப்பட்டவை அல்ல. அதோடு, ஆற்றில் அம்மோனியா மணிக்கு மணி மாறும். காலையில் கணித்த மருந்து மதியத்துக்குப் போதாது, மாலைக்கு அதிகமாகிவிடும். போதாமல் போனால் கோடு இறங்கும் பகுதியில் சிக்கிக்கொள்வோம். காவல் இல்லாத தண்ணீர் குழாயில் ஏறிவிடும். ஆலையை மூடுகிறவர் அந்த அபாயத்தை நம் வீட்டுக்குள் விடாமல் வாசலில் நிறுத்துகிறார். தண்ணீர் வராத நாளில் நாம் திட்ட வேண்டிய இடம் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது.

இந்த வளைகோட்டில் இன்னொரு வியப்பும் உண்டு. குளோரின் பாதி வழியில் நின்றுவிடும்போது உருவாகும் சில குளோரமின்களுக்கு, கட்டற்ற குளோரினைவிட நெடி அதிகம். நீச்சல் குளங்களில் கண் எரியவைக்கும் வாடை பெரும்பாலும் இவற்றுடையது. ஆக, மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் நாற்றம்’ சில வேளைகளில் குளோரின் போதவில்லை என்பதற்கு அடையாளம்.

அப்படியானால் அள்ளிப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். பொந்தியான் பக்கத்துக் கரிச்சதுப்பு நிலங்களைப் பார்த்தவர்களுக்கு அங்கே ஓடும் தண்ணீரின் கருந்தேநீர் நிறம் தெரியும். மட்கிய இலைதழைகளின் சாறு அது. அத்தகைய கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற துணைப் பொருள்கள் உருவாகும் என்பதை 1974-இல் ரோட்டர்டாம் நீர்நிலைய வேதியியலாளர் யோஹானஸ் ரூக் கண்டுபிடித்தார். அவற்றை நீண்டகாலம் மிகுதியாக உட்கொள்வது நல்லதல்ல. குளோரின் போடும் முன்பே கரிமப் பொருளைக் குறைப்பதே சரியான வழி. துணைப் பொருளுக்கு அஞ்சிக் கிருமிநீக்கத்தில் கைவைக்கக் கூடாது என்பதில் உலகச் சுகாதார நிறுவனம் உறுதியாக இருக்கிறது. குளோரினுக்கு அடங்காத கிருமியும் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது. அதைப் பிடிக்க நல்ல மணல் படுகையே வேண்டும். ஆலையில் ஒவ்வொரு படியும் மற்றதன் குறையை ஈடுகட்டுகிறது.

ஆலையை விட்டுப் புறப்பட்ட தண்ணீருக்குப் பயணம் இனிமேல்தான். பெருங்குழாய், மேட்டில் நீர்த்தாங்கி, கிளைக்குழாய், தெருக்குழாய் என்று கடைசி வீட்டை அடைய சில நாள்கள்கூட ஆகலாம். குழாயின் உட்சுவர் வெறும் சுவர் அல்ல. இரும்புத் துரு, மாங்கனீசுப் படிவு, அவற்றின் மேல் மெல்லிய உயிர்ப்படலம். குழாய் வலையில் வாழும் நுண்ணுயிர்களில் பெரும்பகுதி ஓடும் தண்ணீரில் இல்லை, சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. வழியெல்லாம் அவை குளோரினைத் தின்றுகொண்டே இருக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் அது இன்னும் விரைவாகத் தீரும். ஆலை வாசலில் இருக்கும் வீட்டுக்கு நெடி அடிக்கும். வலையின் கடைக்கோடி வீட்டுக்கு வாசமே வராது. நடுவழியில் நீர்த்தாங்கிகளில் மீண்டும் குளோரின் சேர்ப்பது இதற்காகத்தான்.

குழாயில் இன்னொரு காவலும் இருக்கிறது, அதை யாரும் காவல் என்று நினைப்பதில்லை: அழுத்தம். ஜொகூரில் சுத்திகரித்த தண்ணீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கட்டணக் கணக்குக்கு வருவதில்லை. நாடு முழுவதையும் எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதில் பெரும்பகுதி கசிவு. வீண் செலவுதான். ஆனால் குழாய் நிரம்பி அழுத்தத்தோடு ஓடும்வரை அந்த ஓட்டைகள் வழியே தண்ணீர் வெளியே மட்டுமே போகும், வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. விநியோகம் நின்று குழாய் காலியாகும்போது திசை மாறுகிறது. தண்ணீரை வெளியே விட்ட அதே ஓட்டை, பக்கத்தில் இருக்கும் சேற்று நீரையும் அல்லூர்க் கசிவையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் வெட்டு ஒரு வசதிக்குறைவு என்று மட்டும் எண்ணியிருந்தவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வெட்டு முடிந்து தண்ணீர் திரும்பும் முதல் சில மணி நேரம்தான் குழாய் வலையின் மிகப் பலவீனமான நேரம்.

அப்போது வரும் மஞ்சள், பழுப்புத் தண்ணீருக்கும் காரணம் அதுவே. நின்றுபோன ஓட்டம் திடீரென்று பாயும்போது சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்த துரு பெயர்ந்து வருகிறது. செம்பழுப்பு என்றால் இரும்பு, கருமை தட்டினால் மாங்கனீசு. சட்டையில் கறை பிடிக்குமே தவிர, பெரும்பாலும் கலங்கல்தான் பிரச்சினை. தெளியும்வரை ஓடவிட்டு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். பழைய குழாய்களைப் பற்றி இன்னொரு அச்சமும் நிலவுகிறது. நாடு முழுவதும் பல ஆயிரம் கிலோமீட்டர் கல்நார் சிமெண்டுக் குழாய்கள் மண்ணுக்கடியில் இருக்கின்றன. கல்நார்த் தூசியைச் சுவாசிப்பது புற்றுநோய் தரும் என்பதில் ஐயமில்லை. தண்ணீரோடு விழுங்குவது அப்படித் தீங்கு செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்தக் குழாய்களை மாற்ற வேண்டியதற்கு முதல் காரணம், வயதாகி அடிக்கடி உடைவதுதான். ஒவ்வொரு உடைப்பும் ஓர் அழுத்த இழப்பு.

வீட்டு வாசலில் மீட்டரைத் தாண்டியதும் பொறுப்பு நம் கைக்கு வருகிறது. பெரும்பாலான தரைவீடுகளில் சமையலறைக் குழாய்க்குத் தெருக்குழாயிலிருந்து நேரடி இணைப்பு. குளியலறைக் குழாய்களுக்கோ கூரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும். தொட்டியில் தங்கும் தண்ணீர் ஓட்டுச் சூட்டில் வெதுவெதுப்பாகி, குளோரினை இழந்து, காவலற்றுப் போகிறது. மூடி சரியில்லை என்றால் கொசுவும் பல்லியும் வரும். வீட்டில் எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, நேரடிக் குழாயிலிருந்து மட்டும் குடிக்க எடுப்பது காசு செலவில்லாத பாதுகாப்பு.

பில்டரைப் பற்றிச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். கரித்தூள் பில்டர் அருமையான பொருள். ஒரு கிராம் கரியின் நுண்துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் வரும்! வாடை, நிறம், குளோரின் எல்லாவற்றையும் அது பிடித்துவிடும். சுவை நன்றாகிவிடும். குளோரின் போன அந்த நொடியிலிருந்து தண்ணீர் நிராயுதபாணி. ஈரமான, இருட்டான, உணவு படிந்த அந்தக் கரிக்குள் பாக்டீரியா குடியேறும். உரிய காலத்தில் மாற்றாத பில்டரிலிருந்து வரும் தண்ணீர், அதற்குள் போன தண்ணீரைவிட மோசமாக இருக்கக்கூடும். மாட்டியவர்கள் மாற்றும் தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்டட்டும். பில்டர் தண்ணீரை நாள் கணக்கில் சேர்த்து வைக்கவும் வேண்டாம்.

கொதிக்கவைப்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம், நல்ல பழக்கம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் நோய் தரும் கிருமிகள் மடிந்துவிடும், குளோரினுக்கு அடங்காத ஒட்டுண்ணி உட்பட. மாங்கனீசோ மற்ற உலோகங்களோ கொதிப்பதால் போகாது. கூடவே குளோரினும் பறந்துவிடுவதால், ஆறிய தண்ணீரில் யாராவது அழுக்குக் கரண்டியை விட்டால் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை. மூடிவைத்து அன்றே குடித்துவிட வேண்டும்.

இதையெல்லாம் யார் சரிபார்க்கிறார்கள்? ஜொகூரில் தண்ணீர் விநியோகிப்பது ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. நிறுவனம். அதன் சேவையை ஒழுங்குபடுத்துவது, 2006 சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான். தண்ணீரின் தரத்தை, விற்பவரைச் சாராமல் தனியே கண்காணிப்பது சுகாதார அமைச்சு. 1983 முதல் நடக்கும் திட்டம் அது. ஆலை வாசலிலும் நீர்த்தாங்கியிலும் குடியிருப்புக் குழாய்களிலும் மாதிரி எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் தேடுவது முக்கியமாக இ.கோலி என்ற பாக்டீரியாவை. தியோடர் எஷெரிக் 1885-இல் குழந்தைகளின் குடலில் கண்டறிந்தது அது. மனிதர், விலங்குகளின் குடலே அதன் வாழிடம் என்பதால், 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஒன்று இருந்தாலும் எங்கோ மலம் கலந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையில் ஒரு சங்கடம் உண்டு. கிருமியை வளர்த்துப் பார்க்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். முடிவு வரும்போது அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும். எஞ்சிய குளோரினுக்குச் சோதனை ஒரு நிமிடம்தான். சிறு குப்பியில் தண்ணீரைப் பிடித்து டி.பி.டி. மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் எழும். நிறம் அடர்த்தியானால் காவல் வலுவாக இருக்கிறது. நிறமே எழாவிட்டால் வழியில் எதுவோ அதைத் தின்றுவிட்டது, உடனே தேட வேண்டும். இ.கோலி நேற்றைச் சொல்கிறது, குளோரின் இப்போதைச் சொல்கிறது.

மலேசியாவில் புகைமூட்டக் காலத்தில் காற்றின் தரக் குறியீட்டை மணிக்கு மணி கைப்பேசியில் பார்க்க நாம் பழகிவிட்டோம். எண் ஏறினால் பள்ளி விடுமுறை, முகக்கவசம் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீரின் தரத்தையும் அப்படி மக்களுக்குச் சொல்ல முடியும். அமெரிக்காவில் 1996-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி ஒவ்வொரு குடிநீர் நிறுவனமும் தன் தண்ணீரின் சோதனை முடிவுகளை ஆண்டுதோறும் வாடிக்கையாளருக்குத் தந்தாக வேண்டும். கெலாங் பாத்தாவில் ஒரு குடும்பத்துக்கு வரும் தண்ணீர்க் கட்டணச் சீட்டில், எத்தனை கன மீட்டர், எத்தனை வெள்ளி என்பதற்குக் கீழே இன்னும் மூன்று எண்கள் அச்சிடப்பட வேண்டும் என்று நான் கேட்கிறேன்: அந்த மாதம் அந்தத் தாமானின் குழாயில் அளந்த எஞ்சிய குளோரின், கலங்கல் அளவு, இ.கோலிச் சோதனையின் முடிவு. அளவுகள் ஏற்கனவே எடுக்கப்படுகின்றன. தாளில் இடமும் இருக்கிறது.